மணி அடிக்காத சுற்று

சபாபதி அண்ணனுக்குப் பொது அறிவு என்று ஒன்று அறவே கிடையாது. முகத்துக்கு நேராகவே இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். "அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன், கலா?" என்று சிரித்துவிட்டு வண்டி கழுவப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர், லத்தாப் பேட்டையில் ஒரு பாரின் மாடியில் வியாழக்கிழமை தோறும் நடக்கும் குவிஸ் போட்டியில் ஒன்றரை வருஷம் எங்களோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் மகள் தமிழரசிக்காகத்தான். வேறு யாருக்காகவும் அவர் மாடிப்படி ஏறியிருக்க மாட்டார்.

தாமுவேப் பேட்டையில் நாங்கள் ஒரே கட்டடம். அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. அவருடைய தாத்தா பர்மாவுக்குத் தண்டவாளம் போட வந்தவர், அப்பா முனிசிபாலிட்டியில் ரோடு போட்டவர். "உங்கப்பா போட்ட ரோட்டுல உள்ள குழியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று கேலி செய்வேன். அண்ணன் ஃபெரி ஓட்டுகிறார். காலையில் வீடு வீடாகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆபீஸ்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும் வேனுக்கு இந்த ஊரில் ஃபெரி என்று பெயர். ஒரு பிள்ளை இறங்கி வரத் தாமதமானால் மற்ற டிரைவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். இவர் அமுக்க மாட்டார். ஹாரன் சத்தம் கேட்டால் அந்த வீட்டம்மா அவசரத்தில் பிள்ளையை அடித்துவிடுவாளாம். இறங்கிப் போய்ப் படிக்கட்டடியில் பேசாமல் நிற்பார். அதனால் லேட்டாகி, அடுத்த தெருவில் ஏறுகிறவர்களிடம் திட்டு வாங்குவார்.

இந்தக் குணத்துக்குப் பர்மியத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஆனாடே. சொன்னால் அடுத்தவருக்குச் சங்கடமாக இருக்குமே, கேட்டால் அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்து விழுங்குவது. இந்த ஊர்க்காரர்கள் இதைப் பெரிய பண்பு என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாடே பார்த்து டாக்டரிடம் வலியைச் சொல்லாமல் செத்துப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நாலு தலைமுறையாக இங்கே இருந்து எங்கள் ஆட்களுக்கும் இது தொற்றிக்கொண்டது. சபாபதி அண்ணனுக்கு எலும்பு வரைக்கும் போய்விட்டது.

அவர் மனைவி காளியம்மா கொரோனாவில் போனாள். ஆக்சிஜனுக்காக ஊரே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த ஆடி மாதத்தில், வரிசையில் முன்னால் நின்றவரைத் தள்ளிக்கொண்டு போகத் தெரியாத மனுஷன் என்று நான் அன்றைக்கு அவரைக் கண்டபடி பேசினேன். தள்ளியிருந்தாலும் கிடைத்திருக்காது, அது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும்தான். அவர் சோறு வடிப்பார், குழைந்துபோகும். அவள் குழம்பு வைப்பாள், தீய்ந்துபோகும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு இருவரும் என் வீட்டுக்கு வந்து ரசம் கேட்பார்கள்.

தமிழரசி கெட்டிக்காரி. லான்மடாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. ஆனால் தலைக்குள் உலகம் முழுக்க வைத்திருந்தாள். எந்த நாட்டுக் கொடியில் எத்தனை நட்சத்திரம், எந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா, எல்லாம் கேட்ட மாத்திரத்தில் வரும். எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் போல அவளுக்கும் இரண்டு பெயர். வீட்டிலும் கோயிலிலும் தமிழரசி. பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் வேலை செய்யும் இடத்திலும் எய் மோன். தாமுவேயில் எய் மோன் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பாரில் தமிழரசி யார் என்று கேட்டால் அங்கேயும் தெரியாது.

அவளும், எங்கள் கட்டடத்து ரிஹானும், நானுமாகத்தான் முதலில் அணி. பெயர் 'தாமுவே எக்ஸ்பிரஸ்'. ஐம்பது வயதுப் பொம்பளைக்குப் பாரில் என்ன வேலை என்று கோயிலில் ஒருத்தி கேட்டாள். "நான் அங்க குடிக்கிறது எலுமிச்சம்பழச் சாறு, நீ இங்க குடிக்கிறது என் உசிரு" என்றேன். அப்புறம் கேட்கவில்லை. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை அதே தெருவில்தான் இருக்கிறது. கடையைச் சாத்திவிட்டு நேரே மாடியேறிவிடுவேன்.

சபாபதி அண்ணன் அப்போதெல்லாம் கீழே வேனில் உட்கார்ந்து காத்திருப்பார். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மகள் பஸ்ஸில் வரக் கூடாது. ரிஹான் ஜப்பானுக்குப் போனதும் ஒரு நாற்காலி காலியானது. "கீழ கொசுக்கடில உக்கார்றதுக்கு மேல வந்து உக்காருங்கப்பா" என்று தமிழரசி அவரை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கு விடை தெரியாமல் முழித்தால் "ஜெர்மனி" என்பார். ஒரு தடவை அது எப்படியோ சரியாகிவிட்டது. அதிலிருந்து எந்தக் கேள்விக்கும் அதுதான். ஆற்றின் பெயரைக் கேட்டாலும் ஜெர்மனி, ராஜாவின் பெயரைக் கேட்டாலும் ஜெர்மனி. பார் முதலாளி கோ மின்தான் கேள்வி கேட்பவர். அவர் மைக்கிலேயே "ஜெர்மனிப் பேராசிரியர் என்ன சொல்கிறார்?" என்று கேட்பார், எல்லா மேஜையும் சிரிக்கும், அண்ணன் எழுந்து நின்று கும்பிடு போடுவார். தமிழரசி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்வாள். ஆனால் எந்த வாரமும் அவரைக் கீழே போய் உட்காரச் சொன்னதில்லை.

இந்த மழைக்காலம் தொடங்கியதும் அவளும் கிளம்பினாள். இருபத்து நாலு வயது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற காலத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்று இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்த வழியாக என்று மட்டும் மெல்லக் கேட்பார்கள். தரைவழியாக எல்லைக்குப் போய், ஆற்றைக் கடந்து, தாய்லாந்தில் ஒரு ஹோட்டலில் வேலை. தரகர் ஏற்பாடு. புறப்படும்போது அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் மேஜைய விட்டுராதீங்கப்பா. கலா அத்தைய கூட்டிக்கிட்டுப் போங்க. தோத்தாலும் பரவால்ல, போய் உக்காருங்க."

பாரில் அப்படி ஒரு விதி. இரண்டு பேராவது வந்தால் அணி உண்டு. தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் மேஜை வேறு அணிக்குப் போய்விடும். அவள் கிளம்பிய வாரம் நாங்கள் போகவில்லை. அடுத்த வாரமும் அண்ணனுக்கு மனசு வரவில்லை. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை எல்லை ஊரிலிருந்து கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நாளைக்கு, இல்லாட்டி நாளான்னைக்கு அக்கரைக்குப் போயிருவோம்பா. போனதும் புது நம்பர்லருந்து கூப்பிடுறேன். அதுவரைக்கும் இந்த போன் வேல செய்யாது. பயப்படாதீங்க."

புதன்கிழமை கூப்பிடவில்லை. வியாழன் மத்தியானம் வரைக்கும் கூப்பிடவில்லை. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அண்ணன் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே என் கடை வாசலில் வந்து நின்றார்.

"வா கலா, போயிட்டு வந்துருவோம். வீட்ல உக்காந்தா அந்த போனையே பாத்துக்கிட்டு இருக்கணும். அங்க போயி பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"அதுவும் சரிதான். இன்னிக்கு விட்டா மேஜையும் போயிரும்" என்றேன்.

மாடியேறி உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் சட்டென்று தணிந்தது. எங்களைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரம் மட்டம் போட்டவர்கள் என்று பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோ மின் மைக்கை வைத்துவிட்டு வந்து அண்ணனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஊ சபா. வந்தீங்களா. நல்லது. உக்காருங்க."

'ஊ' என்று பெரியவர்களுக்குப் போடும் மரியாதை, அவ்வளவுதான். ஜெர்மனி இல்லை, பேராசிரியர் இல்லை. வாசல் வரை வந்து வரவேற்கிற ஆள் இல்லை கோ மின். எங்கள் மேஜை ஜன்னலோரம். அண்ணன் தமிழரசியின் நாற்காலியில் யாரும் உட்காராதபடி தன் குடையை வைத்தார். போனை மேஜை நடுவில் வைத்தார். பொத்தான் போன், சத்தம் பெரிதாகக் கேட்கும்.

எதிர் மேஜையில் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள். எங்களுக்குப் பரம எதிரிகள், எப்போதும் முதலிடம் அவர்களுக்குத்தான். அதில் ஷிரின் என்று ஒரு பெண், தமிழ்க்காரப் பிள்ளை. தமிழரசிக்கு நெருங்கின தோழி. வீட்டில் தமிழ் கேட்டுப் பழக்கம், பேச வராது, தட்டுத் தடுமாறிப் பேசுவாள். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. பரீட்சை சமயம், தூக்கம் இருக்காது என்று நினைத்தேன்.

"என்னம்மா ஷிரின்," என்றார் அண்ணன், "தமிழு உனக்கு ஏதாச்சும் மெசேஜ் போட்டாளா?"

"இல்ல, ஊலே" என்றாள் அவள். ஊலே என்றால் மாமா. அதைச் சொல்லிவிட்டு வேகமாகத் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

"அக்கரைக்குப் போனதும் எனக்குத்தான் மொதல்ல பண்ணுவா. அப்புறம்தான் இந்தப் புள்ளைங்களுக்கெல்லாம்" என்று அண்ணன் என்னிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நாங்கள் எதுவும் கேட்காமல் பொரித்த மீன் வந்தது. கோழி வறுவல் வந்தது. இது கடையோடது என்றான் பரிமாறுகிறவன், எங்கள் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சுருக்கென்றது. ஆள் குறைந்துபோன அணி என்று பாவம் பார்க்கிறார்களா? நாங்கள் என்ன நாதியற்றவர்களா? அண்ணன் மீனை ஆசையாகப் பிட்டுச் சாப்பிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

முதல் சுற்று தொடங்கியது. கோ மின் கேள்வியைப் படித்தார். பெர்லின் எந்த நாட்டின் தலைநகரம்? அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "கலா, எழுது! எழுது!" மூன்றாவது கேள்வி, உலக யுத்தத்துக்குப் பின் இரண்டாகப் பிரிந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்த நாடு எது? ஐந்தாவது கேள்வி ஒரு கால்பந்து அணியைப் பற்றி. அதற்கும் ஜெர்மனிதான்.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, பாத்தியா! ஒன்றர வருஷமா நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் மதிக்கல. அவ கூப்பிட்டதும் மொதல்ல இதத்தான் சொல்லணும். நம்ப மாட்டா. நீதான் சாட்சி."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே கோபம் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவன் கையிலிருக்கும் கேள்வித்தாளை விட்டுவிட்டு எங்களுக்காகக் கேள்வியை மாற்றிக் கேட்கிறான் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். சுற்று முடிந்து மதிப்பெண் வாசித்தார்கள். நாங்கள் முதலிடம். மருத்துவப் பிள்ளைகள் கடைசி. இத்தனை நாளில் அவர்கள் கடைசியாக வந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது சுற்றும் அப்படியே. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வியாக வந்தது. ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில் எங்கே கிளம்பும், எந்தக் கோயிலில் எந்த மாதம் தீமிதி என்பதெல்லாம். தீமிதியைப் பர்மியப் பிள்ளைகள் எங்கே கண்டார்கள்! அது எங்களுக்கென்றே போட்டது.

இடைவேளையில் நான் எழுந்து போய்க் கோ மின்னைப் பிடித்தேன். பர்மியத்தில் நன்றாகவே சண்டை போட வரும் எனக்கு.

"என்ன விளையாட்டு இது? நாங்க ரெண்டு பேரா வந்தா பிச்சை போடுவீங்களா? அந்த மனுஷன் சந்தோஷமா இருக்கார்ங்கிறதுக்காகச் சும்மா இருக்கேன். எய் மோன் இருந்தா இந்த ஜெயிப்பத் தூக்கி உங்க மூஞ்சில எறிஞ்சிருப்பா."

கோ மின் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "டாவ் கலா," என்று மரியாதையாகவே தொடங்கினார். "ஆனாடே, டாவ் கலா. நாங்க எல்லாரும்..."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பின்னால் வந்து நின்றார். கையில் என்னுடைய எலுமிச்சைச் சாறு. "என்ன கலா, இங்கயும் சண்டையா? கோ மின், இவ பேச்ச எடுத்துக்காதீங்க. ஆளு நல்லவ." கோ மின் அவருடைய முகத்தைப் பார்த்தார். என்ன சொல்ல வந்தாரோ அதை விழுங்கிவிட்டார். மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசிச் சுற்று மணிச் சுற்று. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சைக்கிள் மணி வைத்திருப்பார்கள். கேள்வி கேட்டதும் யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வாய்ப்பு. வழக்கமாக இந்தச் சுற்றில் மாடியே இடிந்துவிடும். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே அடிப்பார்கள், ஒருவர் கையை ஒருவர் தட்டிவிடுவார்கள், தமிழரசி ஒரு தடவை அடித்த அடியில் மணியின் மூடி கழன்று பக்கத்து மேஜை சூப்பில் விழுந்தது. இந்தச் சுற்றுக்காகவேதான் பாதிப் பேர் வருவது.

கோ மின் முதல் கேள்வியைப் படித்தார். "மொஹிங்காவில் போடுகிற மீன் எது?"

மொஹிங்கா இந்த ஊரின் காலைச் சாப்பாடு. மீன் குழம்பில் நூடுல்ஸ். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அன்று காலையில்கூட அதைச் சாப்பிட்டிருப்பார்கள். பேசத் தொடங்கிய பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

யாரும் மணி அடிக்கவில்லை.

ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கைகளை மடியில் வைத்திருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு கையை நீட்டி மெதுவாக ஒரு தடவை அடித்தார். கெளுத்தி என்று சொன்னார். சரி என்றார் கோ மின். யாரோ இரண்டு பேர் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்லே ஏரி எந்த மாநிலத்தில் இருக்கிறது?"

மறுபடியும் அதே அமைதி. அண்ணனின் கை மணிமேல் இருந்தது, அடிக்கவில்லை. அவர் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வங்கிக்காரர்களின் மேஜை, கம்ப்யூட்டர் கடைப் பையன்களின் மேஜை, கல்யாணமான புதிதில் வந்து இன்னும் விடாமல் வருகிற அந்த ஜோடி. யாரைப் பார்த்தாலும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியாக மருத்துவப் பிள்ளைகள். ஷிரின் குனியவில்லை. அவளால் முடியவில்லை போலிருக்கிறது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது ஆள் குறைந்த அணிக்காகப் பார்த்த பாவம் இல்லை. எழுந்து அவர் வாயைப் பொத்த வேண்டும், அவர் கேட்கக் கூடாது, கேட்காதவரை ஒன்றும் நடக்கவில்லை என்று என்னவோ பைத்தியம் மாதிரித் தோன்றியது. அதற்குள் அவர் கேட்டுவிட்டார். தமிழில், ஷிரினிடம்.

"எப்பம்மா?"

ஒரே ஒரு வார்த்தை. அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் என்ன கேட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"நேத்து காலைல, ஊலே" என்றாள் அவள். "ஆத்துல தண்ணி ஜாஸ்தி. படகு... படகு திரும்பிருச்சு." கவிழ்ந்தது என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் தமிழே வரவில்லை, பர்மியத்தில் கொட்டினாள். அக்கரையில் மீட்புக்காரர்கள் அவள் உடலை எடுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள். அடையாள அட்டையைப் படம் பிடித்து, தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும் என்று இன்றைக்கு மத்தியானம் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். எய் மோன் என்று பெயர், அவளுடைய போட்டோ. முதலில் பார்த்தது ஷிரின்தான். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்களும் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவராக அக்கரைக்குப் போன் போட்டு, அவள்தானா என்று கேட்டு உறுதிப்படுத்தியும் விட்டார்கள். உங்களைக் கூப்பிட எத்தனையோ தடவை போனை எடுத்தோம், ஊலே, யாருக்கும் வாய் வரவில்லை, இன்றைக்கு வர மாட்டீர்கள் என்று நினைத்தோம், வந்துவிட்டீர்கள், சிரித்துக்கொண்டு வந்தீர்கள், என்றாள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கூட வைத்துக்கொள்ளவில்லையாம். ஒவ்வொரு மேஜையும் தனித்தனியாக அந்த முடிவுக்கு வந்திருக்கிறது. இந்த ஒரு சாயங்காலமாவது அவர் ஜெயிக்கட்டும் என்று.

தாமுவேக்கு ஏன் செய்தி வரவில்லை என்று கேட்பீர்கள். தாமுவேயில் யாருக்கு எய் மோனைத் தெரியும்? அண்ணனின் பொத்தான் போனில் பேஸ்புக் கிடையாது. இங்கே தடை செய்திருப்பதால், தடையைச் சுற்றிப் போகிற வி.பி.என். இல்லாமல் பேஸ்புக் திறக்காது, என் போனில் அந்த வி.பி.என். வேலை செய்யாமல் போய் எத்தனையோ நாள். பெற்ற அப்பாவைத் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் எல்லோரையும் இழுத்து வைத்து அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது. மீன் வறுத்துக் கொடுத்தார்கள். ஜெர்மனியைக் கேட்டார்கள். ஒரு மனிதனை அவன் மகள் செத்த பிறகு இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்தார்கள். அதில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அண்ணன் எழுந்து நின்றார். கத்துவார், விழுவார், மேஜையைக் கவிழ்ப்பார் என்று நான் அவரைப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவர் லுங்கியைச் சரியாகக் கட்டிக்கொண்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மருத்துவப் பிள்ளைகளின் மேஜைக்குப் போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் கூப்பி, பர்மியத்தில் சொன்னார்.

"ஆனாடே. என்னால உங்களுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. மன்னிச்சுக்கங்க."

அவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பையன் விம்மி அழுதான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். வங்கிக்காரர்கள். அங்கேயும் குனிந்து கும்பிட்டார், அதையே சொன்னார். அந்தப் புது ஜோடியிடம் சொன்னார். கம்ப்யூட்டர் கடைப் பையன்களிடம் சொன்னார். கோ மின் மைக்கோடு உறைந்துபோய் நின்றிருந்தார், அவரிடமும் போய், உங்க வியாபார நேரத்தில் இப்படி ஆகிவிட்டது என்றார். கோ மின் அவர் காலைத் தொடப் போனார், அண்ணன் விடவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"போதும் அண்ணே! நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க? செத்தது உங்க பொண்ணு! இவங்கதான் உங்ககிட்ட சொல்லாம மறைச்சாங்க, இவங்க கேக்கணும்!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"திட்டாத கலா. சின்னப் புள்ளைங்க. மத்தியானத்துலருந்து இத மனசுல வச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்து, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.